வைஸைக் கழற்றி வைக்கும் பெஞ்ச்

பட்டறைக்கு ஒரு இரும்பு பெஞ்ச் செய்தால், பெயின்ட் காய்வதற்குள் அதன் மூலையில் வைஸைப் பூட்டிவிடுவதுதான் வழக்கம். நாலு துளை, நாலு போல்ட்டு, அடியில் நாலு நட்டு. கொஞ்ச நாளில் பக்கத்திலேயே பெஞ்ச் கிரைண்டர் வந்து உட்காரும். அதற்கடுத்து ஒரு ட்ரில்லிங் மெஷின். பிறகு ஒருநாள் ஆறடி ஜன்னல் ஃபிரேம் ஒன்றைச் சமதளத்தில் படுக்கவைத்து வெல்டிங் வைக்க வேண்டிவரும். அப்போது பெஞ்சில் இடம் இருக்காது, வேலை தரைக்கு இறங்கிவிடும். கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நான் போய்வரும் சின்னப் பட்டறைகள் பலவற்றில் பெஞ்ச் என்பது சுவரோரம் கருவிகளைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒரு ஸ்டாண்டுதான். ஆட்கள் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இடுப்பும் முட்டியும் அங்கேதான் தேய்கின்றன.

பத்து, பன்னிரண்டு மி.மீ. கனத்தில் ஒரு தட்டையான பிளேட் பட்டறையில் இருப்பது பெரிய சொத்து. அதன் மேல் எதை வைத்தாலும் கோணல் தெரிந்துவிடும். ஆங்கிள் துண்டை வைத்து கிளாம்ப் போட்டால் அதுவே ஒரு ஜிக். மூலைமட்டத்தை நிறுத்தினால் நம்பலாம். இந்தத் தளத்தை வைஸுக்கும் கிரைண்டருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வைஸ், கிரைண்டர், கட்-ஆஃப் மெஷின், பட்டை வளைக்கிற பெண்டர் எல்லாமே தேவைப்படும்போது வந்து உட்கார வேண்டும், வேலை முடிந்ததும் இறங்கிப் போக வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நிரந்தரமாகப் பூட்டியது போலவே அசையாமல் இருக்க வேண்டும். சிரமம் முழுக்க இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

கழற்றி மாட்டுவது என்றதும் பலரும் போல்ட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த சைஸ், எந்த கிரேடு, எவ்வளவு இறுக்கலாம் என்று. போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும்தான். கருவி எந்த இடத்தில், எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. எம்12 போல்ட்டுக்கு வழக்கமாகப் போடும் துளை 13.5 மி.மீ. அந்த ஒன்றரை மி.மீ. இடைவெளிக்குள் கருவி எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இன்று ஒரு மாதிரி உட்கார்ந்தது நாளை வேறு மாதிரி உட்காரும். துளையை இறுக்கமாகப் போட்டால் நாலு போல்ட்டும் ஒரே நேரத்தில் இறங்காது, தட்டி முறுக்கி உள்ளே விட்டு மரையைக் கெடுக்க வேண்டிவரும். அதனால் இரண்டு வேலையையும் பிரித்துவிடுவதே சரி. இடம் காட்டுவதற்கு டவல் பின், இறுக்குவதற்கு போல்ட்டு. மில்லிங் மெஷினில் ஃபிக்ஸ்சர் கட்டுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடம். பெஞ்ச் செய்யும்போது மட்டும் ஏனோ யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் பெஞ்சின் மேல்தட்டு 1500-க்கு 750, கனம் 12 மி.மீ., சாதாரண எம்.எஸ். பிளேட். இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ வரும். அந்தக் கணக்கில் இந்தத் தட்டு மட்டும் 106 கிலோ. அடியில் 75 மி.மீ. சி-சேனலில் ஃபிரேம். பத்து மி.மீ. போதாதா என்று கேட்கலாம். தளமாக இருக்க அது தாராளமாகப் போதும். நான் பன்னிரண்டுக்குப் போனது மரைக்காக. எம்12 போல்ட்டின் மரை இடைவெளி 1.75 மி.மீ. பன்னிரண்டு மி.மீ. தட்டில் டேப் போட்டால் ஏறக்குறைய ஏழு சுற்று மரை கிடைக்கும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் மரை பிடித்தால் இரும்புக்கு இரும்பு போதும் என்பது பட்டறைக் கணக்கு. அதனால் அடியில் நட்டு தேவையில்லை. ஒவ்வொரு முறையும் பெஞ்சுக்குக் கீழே தவழ்ந்து போய் நட்டைப் பிடிக்க வேண்டும் என்றால் கருவியைக் கழற்றவே கை வராது. கழற்றுவது சுலபமாக இல்லையென்றால் அது நிரந்தரமாகப் பூட்டியதற்குச் சமம்.

தட்டில் மூன்று இருக்கைகள் வைத்தேன். இடது முன்மூலையில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நடுவில் ஒரு துளைகூடக் கிடையாது. மூன்றுக்கும் அளவு ஒன்றே: 200-க்கு 150 மி.மீ. செவ்வகத்தின் நாலு முனையிலும் எம்12 மரைத்துளை, எதிரெதிர் மூலையருகே இரண்டு 10 மி.மீ. பின் துளை. இந்த ஆறு துளைகளுக்காக முதலில் ஒரு ஜிக் செய்துகொண்டேன். அதுவும் 12 மி.மீ. தட்டுத்தான். போல்ட்டு இடங்களில் 10.2 மி.மீ. துளை, பின் இடங்களில் 9.8 மி.மீ. துளை. பெஞ்சின் இருக்கைகளும் கருவிகளின் அடித்தட்டுகளும் இந்த ஒரே ஜிக்கின் வழியாகத்தான் துளையிடப்பட்டன. பெஞ்சில் 10.2 துளையில் எம்12 டேப் போட்டாயிற்று, அடித்தட்டில் அதே துளையை 13.5-க்குப் பெரிதாக்கியாயிற்று. 9.8 துளைகள் இரண்டு பக்கமும் ரீமர் விட்டு 10 ஆயின. ஸ்கேல் வைத்துக் குறித்து, பஞ்ச் அடித்து, ஒவ்வொன்றாகத் துளை போட்டிருந்தால் ஒரு கருவி எல்லா இருக்கைக்கும் பொருந்தும் என்ற பேச்சுக்கே இடமில்லை. இனி ஐந்து வருடம் கழித்து ஒரு புதுக் கருவி வாங்கினாலும் அதே ஜிக்கை எடுத்து ஒரு அடித்தட்டு செய்தால் போதும். அந்த ஜிக்குக்கு எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பெஞ்ச் தட்டைத் துளையிடும் விஷயத்தில் எனக்கு வழி காட்டியது ஒரு ஜாப்-ஒர்க் பட்டறைக்காரர். ரேடியல் ட்ரில் இருக்கிறதே என்று விசாரிக்கப் போனபோது முதலிலேயே சொல்லிவிட்டார்.

“ஃபிரேமுல வெல்டு வெச்சுப்போட்டு அப்புறம் இங்க தூக்கீட்டு வராதீங்க தம்பி. வெறும் தட்டா கொண்டாங்க. படுக்கவெச்சு ஒரே கட்டுல போட்டுத் தந்தர்றேன்.”

“டேப்பும் இங்கயே போட்டுடலாமாங்கண்ணா?”

“மெஷின்ல போடலாம். ஆனா நீங்களே கையில போடுங்க. உங்க பெஞ்சு, உங்களுக்கே மரை எப்படி இறங்குதுன்னு தெரியோணும்.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது டேப்பைக் கையில் பிடித்த பிறகுதான் புரிந்தது. மூன்று டேப் கொண்ட செட். முதல் டேப்பின் நுனி கூம்பாக இருப்பதால் துளைக்குள் தானே நுழையும், ஆனால் தானே நேராக நிற்காது. இரண்டு சுற்று இறங்கியதும் மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது சாய்ந்திருந்தால் இன்னும் திருத்த முடியும், நாலு சுற்று போய்விட்டால் முடியாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் முறியும் அந்த லேசான ‘டிக்’ கைக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் சீவல் உள்ளே சுருண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், டேப்பை வெளியே எடுத்துத் துடைத்து, ஆயில் விட்டு மறுபடி இறக்க வேண்டும். எம்12 டேப் நல்ல தடிமன், அவ்வளவு சீக்கிரம் முறியாது. ஆனாலும் டேப் துளைக்குள் முறிந்தால் அதை எடுப்பது தனி வேலை. டேப் எஃகு அவ்வளவு கடினம், சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடவே செய்யாது. மரை முடிந்ததும் மேலே கவுண்டர்சிங்க் விட்டுப் பிசிறை எடுக்க வேண்டும். பிசிறு ஒரு இழை நின்றாலும் அடித்தட்டு அதன் மேல் ஏறி நிற்கும்.

துளைகள் அடிவரை திறந்திருப்பதில் ஒரு வசதி உண்டு. இரும்புத் தூளும் வெல்டிங் பொரியும் உள்ளே தங்காமல் கீழே விழுந்துவிடும். கருவி இல்லாத நேரத்தில் வெல்டிங் பொரி மரையில் ஒட்டாமல் இருக்க, தலையில்லாத கிரப் ஸ்க்ரூவை மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி இறக்கி வைக்கிறேன். மரைக்கு கிராஃபைட் கிரீஸ் ஒரு பொட்டு. எம்.எஸ். தட்டின் மரை போல்ட்டின் மரையைவிட மிருதுவானது. வருடக்கணக்கில் கழற்றி மாட்டினால் தட்டுத்தான் தேயும். தேயட்டும். அன்றைக்கு அந்தத் துளையை 13.5-க்குப் பெரிதாக்கி, அடியில் ஒரு நட்டை வெல்டு வைத்துவிட்டால் இருக்கை மறுபடி புதிது. அதற்கு இடம் விட்டுத்தான் சேனல்களை அமைத்திருக்கிறேன். அப்படிச் செய்யும்போது பூச்சு இல்லாத கறுப்பு நட்டு வாங்குங்கள். வெள்ளி மாதிரி மின்னும் நட்டின் மேல் இருப்பது துத்தநாகம். அதில் வெல்டிங் வைத்தால் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும்.

பின் விஷயத்துக்கு வருகிறேன். பின்களை பெஞ்சில் நட்டுவைத்தால் தளம் போய்விடும். அதனால் துளை பெஞ்சில், பின் கருவியின் அடித்தட்டில். அடித்தட்டுக்குக் கீழே ஆறு மி.மீ. நீட்டினால் போதும், நீளமானால் ஏற்றி இறக்கும்போது சிக்கிக்கொள்ளும். நுனியைக் கூம்பாகச் சீவிவிட வேண்டும். இரண்டு பின்னும் முழு உருண்டையாக இருக்கக் கூடாது. ஒரே ஜிக்கில் போட்டாலும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம் நூலளவு மாறும். இரண்டு உருண்டைப் பின்கள் இரண்டு உருண்டைத் துளைகளில் இறங்க அந்த நூலளவே தடையாகும். ஆகவே முதல் பின் உருண்டை. இரண்டாவது பின்னில், முதல் பின்னைப் பார்த்த பக்கத்தையும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் லேசாகச் சீவிவிட வேண்டும். முதல் பின் கருவியின் இடத்தைப் பிடிக்கும், இரண்டாவது அது சுழலாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். தூரத்தில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் சீவிய பக்கம் அதை விழுங்கிக்கொள்ளும்.

எல்லாக் கருவிக்கும் பின் வேண்டியதில்லை. கிரைண்டர் இரண்டு மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பின்னின் அருமை தெரிவது கட்-ஆஃப் மெஷினில். 14 இஞ்ச் கட்-ஆஃபை நம் ஊரில் பெரும்பாலும் தரையில் வைத்து, குழாயின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். என் பெஞ்சின் வலது இருக்கையில் அது உட்காரும். பெஞ்சின் நீளவாக்கில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பதித்து, அதன் வழியே நகரும் ஒரு ஸ்டாப் வைத்திருக்கிறேன். கட்-ஆஃபின் வட்டுக்கும் ஸ்டாப்புக்கும் இடையிலான தூரம்தான் அறுபடும் துண்டின் நீளம். மெஷின் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் ஸ்கேலில் உள்ள எண் உண்மை பேசும். பின்கள் இருப்பதால் மாதக்கணக்கில் கழற்றி வைத்திருந்துவிட்டு மாட்டினாலும், 450-ல் ஸ்டாப்பை வைத்தால் 450-தான் வருகிறது. வட்டு தேய்ந்தாலும் விட்டம்தான் குறையும், அறுக்கும் கோடு நகராது. கிரில் வேலையில் ஒரே அளவில் இருபது துண்டு அறுக்க வேண்டும் என்றால், டேப் எடுத்து அளந்து சாக்பீஸில் கோடு போடும் வேலையே மிச்சம்.

வைஸின் கதை வேறு. அங்கே அளவு முக்கியமில்லை, பலம்தான் முக்கியம். அந்தப் பலம் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வைஸில் பிடித்த குழாயில் ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியை மாட்டி, முன்னால் நின்று 30 கிலோ விசையில் கீழே அழுத்துகிறீர்கள். வைஸின் அடித்தட்டு முன்விளிம்பை ஊன்றிப் பின்பக்கம் எழப் பார்க்கும். முன்விளிம்புக்கும் பின்போல்ட்டுக்கும் இடையில் 150 மி.மீ. என்றால் பின்போல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து தாங்க வேண்டியது ஏறக்குறைய 200 கிலோ. எம்12, 8.8 கிரேடு போல்ட்டு ஒன்றே நீளாமல் 5 டன் வரை தாங்கும். அப்படியென்றால் போல்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. இளகுவது தட்டு. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் வைஸ் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் மேல்தட்டு மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், சுத்தியலால் அடித்தால் பாதி அடி அந்த அசைவிலேயே கரைந்துபோகும். ஆகவே வைஸின் இருக்கையைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள். நான் முன்மூலைக் காலிலிருந்து உள்நோக்கி, போல்ட்டு வரிசைகளுக்கு நடுவே போகும்படி கூடுதலாக ஒரு சேனல் துண்டை வெல்டு வைத்தேன். பெஞ்சையும் தரையோடு ஆங்கர் போட்டுப் பிடித்திருக்கிறேன். இல்லையென்றால் குழாய் கழலுவதற்கு முன் பெஞ்ச் நகரும்.

இன்னொன்று. வைஸின் அசையாத தாடை பெஞ்சின் விளிம்பைத் தாண்டி ஒரு இழையாவது வெளியே நிற்க வேண்டும். நீளமான ராடையோ பிளேட்டையோ செங்குத்தாகப் பிடித்தால் அது பெஞ்சில் இடிக்காமல் தரைவரை தொங்க அதுதான் வழி. பலர் விளிம்பு உடைந்துவிடும் என்று பயந்து வைஸை நாலு இஞ்ச் உள்ளே தள்ளிப் பூட்டுகிறார்கள், பாதி உபயோகம் அங்கேயே போய்விடுகிறது. உயரமும் கவனிக்க வேண்டியது. அரம் போடுகிறவருக்குத் தாடையின் மேல்விளிம்பு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பெஞ்சை வெல்டிங்குக்கு ஏற்றபடி 850 மி.மீ. உயரத்தில் செய்து, அதன் மேல் அடித்தட்டும் ஆறு இஞ்ச் வைஸும் ஏறினால் ஏறக்குறைய 1040 வருகிறது. என் முழங்கைக்கு அது சரி. உயரம் குறைவானவர்கள் பெஞ்சையே இறக்க வேண்டியிருக்கும்.

கிரைண்டரைக் கழற்றி வைக்க வேண்டியதற்கு இடநெருக்கடியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரும்பு பெஞ்சில் நாம் வெல்டிங் வைக்கிறோம். மெஷினிலிருந்து எலக்ட்ரோடு வழியாகப் போகும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்டு, பெஞ்சில் மாட்டிய எர்த் கிளாம்ப் வழியாகத்தான் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். கிளாம்ப் துருவின் மேலோ பெயின்டின் மேலோ அரைகுறையாகப் பிடித்திருந்தால் கரண்டு வேறு வழி தேடும். பெஞ்சில் போல்ட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் கிரைண்டரின் பாடி, அதிலிருந்து அதன் மூன்று பின் பிளக்கின் எர்த் ஒயர், அங்கிருந்து கட்டடத்தின் ஒயரிங். அந்த மெல்லிய ஒயர் இந்த அளவு கரண்டுக்குச் செய்ததல்ல. சூடேறி இன்சுலேஷன் உருகிவிடும், அடுத்த முறை கிரைண்டரில் ஷாக் அடித்தால் காப்பாற்ற எர்த்தே இருக்காது. பேரிங் வழியாகக் கரண்டு பாய்ந்தால் அதன் குண்டுகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வெல்டிங் தொடங்கும் முன் மின்கருவி எதுவும் பெஞ்சில் இருக்கக் கூடாது, குறைந்தபட்சம் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். எர்த் கிளாம்பை வேலை நடக்கும் துண்டிலேயே, பளிச்சென்று தேய்த்த இடத்தில் மாட்டுங்கள். அதேபோல மின்கருவிகள் ஏறும் இரும்பு பெஞ்சுக்கான லைனில், கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கிரைண்டரை அடித்தட்டில் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வு குறையும். ரப்பரை அடித்தட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வைக்கக் கூடாது. அங்கே இரும்பு இரும்பின் மேல்தான் உட்கார வேண்டும். டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகாமல் அவ்வப்போது நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் கல் எங்காவது இடித்திருக்கலாம். கழற்றி மாட்டும் கிரைண்டரில் இது கூடுதல் ஆபத்து. சந்தேகம் வந்தால் கல்லைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக் கேளுங்கள். மணி போல ஒலித்தால் நல்ல கல். சத்தம் செத்துக் கேட்டால் விரிசல், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும் கல் அது.

துளையே போடாமல் செய்ய முடியாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முடியும். அமெரிக்காவில் பிக்-அப் வண்டிகளின் பின்னால் டிரெய்லர் மாட்ட இரண்டு இஞ்ச் சதுரக் குழி ஒன்று இருக்கும். அங்குள்ள பட்டறைக்காரர்கள் அதே அளவுச் சதுர டியூபை பெஞ்சுக்கு அடியில் வெல்டு வைத்து, ஒவ்வொரு கருவியின் அடியிலும் அதற்குள் நுழையும் ஒரு முளையைப் பொருத்துகிறார்கள். நுழைத்து, குறுக்கே ஒரு பின் போட்டால் வைஸ் தயார். வண்டியிலும் அதே வைஸை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகலாம். மேல்தளத்தில் ஒரு பொட்டுத் துளைகூட இருக்காது என்பது பெரிய ஆதாயம். ஆனால் டியூபுக்குள் டியூப் ஆடும். குறுக்குப் பின்னால் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது. வெளி டியூபின் அடியிலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என இரண்டு போல்ட்டு வைத்து, உள் டியூபை எதிர்மூலையில் நெருக்கி இறுக்கினால் ஆட்டம் போய்விடும். நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் கடையிலேயே ஒரு டியூபுக்குள் இன்னொன்றை விட்டுப் பார்த்து வாங்குங்கள். டியூபின் உள்ளே வெல்டிங் தையல் ஒரு வரப்பாக நிற்கும். அதை அரம் போட்டு எடுக்காமல் உள் டியூப் நுழையாது. பெண்டருக்கும் சின்ன வைஸுக்கும் இந்த முறை பிரமாதம். சுத்தியல் அடி வாங்கும் பெரிய வைஸுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முளையின் நீளத்தில்தான் எல்லாப் பாரமும் தொங்குகிறது.

பணம் இருப்பவர்களுக்கு ஜெர்மன் வழி உண்டு. சீக்மண்ட் நிறுவனத்தின் வெல்டிங் மேசைகளில் தளம் முழுக்கத் துளைதான். பெரிய வகையில் 28 மி.மீ. துளை, 100 மி.மீ. இடைவெளியில். சிறியதில் 16 மி.மீ. துளை, 50 மி.மீ. இடைவெளியில். ஒவ்வொரு துளையுமே இடம் காட்டும் துளை. அழகான சிந்தனை. என் மூன்று இருக்கைகளும் அந்த யோசனையின் ஏழை உறவினர்கள்தான். காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 100 கிலோ என்று போட்டிருப்பது நேராக மேலே இழுத்தால் தாங்கும் கணக்கு, அதுவும் சுத்தமான கனமான இரும்பில். பக்கவாட்டில் தள்ளினால் அதில் ஒரு பங்குதான். விளக்குக்கும் டயல் ஸ்டாண்டுக்கும் காந்தம் போதும், விசை வாங்கும் கருவிக்குக் கூடாது.

கழற்றிய கருவி எங்கே போகும் என்பதை பெஞ்ச் செய்யும் முன்பே யோசித்துவிட வேண்டும். ஆறு இஞ்ச் வைஸ் 20 கிலோ, 300-க்கு 250 அளவில் 12 மி.மீ. அடித்தட்டு 7 கிலோ. இருபத்தேழு கிலோவைக் குனிந்து தரையிலிருந்து தூக்கச் சொன்னால் இளைஞர்களே ஒரு மாதத்தில் அலுத்துவிடுவார்கள். பெஞ்ச் உயரத்திலேயே ஒரு டிராலி செய்துவிட்டேன். அதன் மேல்தட்டில் பின்கள் இறங்க வெறும் துளைகள் மட்டும். டிராலியை பெஞ்சோடு ஒட்டி நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, கருவியின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிச் சாய்த்தாற்போல நகர்த்தினால் அந்தப் பக்கம் போய்விடும். முழு எடையையும் ஒருபோதும் தூக்க வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு முன் இருக்கையைத் துணியால் ஒருமுறை, பிறகு வெறும் உள்ளங்கையால் ஒருமுறை துடைக்கிறேன். துணி விட்டுவிடும் சீவல் கையில் தட்டுப்படும். ஒரு சின்னச் சீவல் அடியில் சிக்கினால் நாலு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கினாலும் கருவி ஆடும், பழி பின்னுக்கும் போல்ட்டுக்கும் போகும். 19 நம்பர் ஸ்பேனர் ஒன்றை பெஞ்சின் காலிலேயே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஏற்கெனவே 3 மி.மீ. ஷீட் போட்ட பெஞ்ச் வைத்திருப்பவர்கள் அதில் டேப் போட முயல வேண்டாம். எம்12-க்கு இரண்டு சுற்று மரைகூடக் கிடைக்காது, முதல் இறுக்கலிலேயே உருவிவிடும். பெஞ்சை மாற்றவும் வேண்டியதில்லை. இருக்கை வேண்டிய இடத்தில், ஷீட்டுக்கு அடியில், முன்பக்க ஆங்கிளுக்கும் பின்பக்க ஆங்கிளுக்கும் இடையில் இரண்டு சேனல் துண்டுகளை வெல்டு வையுங்கள். அந்தச் சேனல்களின் மேல், ஷீட்டோடு ஒட்டி நிற்கும்படி ஒரு 12 மி.மீ. தட்டு. மரையும் பின் துளையும் அந்தத் தட்டில், மேலே ஷீட்டில் அவற்றுக்கு நேராகச் சற்றுப் பெரிய துளைகள். பின்னை மட்டும் ஷீட்டின் கனத்துக்கு ஏற்ப மூன்று மி.மீ. நீட்டிக்கொள்ள வேண்டும். தட்டைச் சேனலோடு சேர்த்து வெல்டு வையுங்கள், ஷீட்டோடு வைக்காதீர்கள். ஷீட்டில் வெல்டிங் சூடு ஏறினால் நெளியும், நெளிந்த ஷீட்டில் அடித்தட்டு சமமாக உட்காராது.